கீழாநெல்லிக்கு ஒட்டிக்கொண்ட தவறான பெயர்: அறிவியல் பெயர் எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

கீழாநெல்லியைப் பற்றி எழுதுகிற பலர் அதன் அறிவியல் பெயர் ஃபைலாந்தஸ் நிரூரி என்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் காலத்துத் தாவர நூலில் நம் செடிகளுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. 1985-இல் இந்தியத் தாவரவியலாளர்கள் அதை ஆராய்ந்தபோது, அமாரஸ், ஃபிரேட்டர்னஸ், டெபிலிஸ் என மூன்று சிற்றினங்கள் ஒரே பெயருக்குள் கலந்து கிடந்தது தெரிந்தது. ஆனாலும் பழைய பெயர் இன்னும் ஒழியவில்லை.

இதை அச்சுப்பிழைபோல் விட்டுவிட முடியாது. மஞ்சள் காமாலைக்கு மக்கள் நம்பி அரைத்துக் குடிக்கும் மூலிகை இது. எந்தச் செடியைச் சோதித்தார்கள் என்றே தெரியாத ஆய்வு யாருக்கு உதவும்? நம் ஊர்களில் பரவலாக முளைக்கும் ஃபைலாந்தஸ் அமாரஸின் பூவில் 5 இதழ்கள் இருக்கும், ஃபிரேட்டர்னஸில் 6. கைலென்ஸ் இருந்தால் எண்ணிவிடலாம். எனவே இலையின் படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள். ஆய்வு செய்பவர்கள் பூவும் காயும் உள்ள கிளையை உலர்த்தி, கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற உலர்தாவரக் காப்பகத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, மாதிரியின் எண்ணையும் கட்டுரையில் தர வேண்டும்.

பெயர் மாறினால் எரிச்சல்படுவதும் சரியல்ல. பழைய அக்கேசியா பேரினத்தில் (பேரினம் என்பது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) இருந்தவை எல்லாம் ஒரே மூதாதையின் வழிவந்தவை அல்ல என்று தெரிந்ததால் அது பிரிக்கப்பட்டது. 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அப்பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு ஒதுக்கியது. நம் கருவேலம் வச்செல்லியா நிலோட்டிகா ஆகிவிட்டது. புதுப் பெயரை எழுதி, பழையதையும் ஒருமுறை குறிப்பிட்டால் வாசகர் தடுமாற மாட்டார்.

பெயரை வைத்துப் பிறப்பிடத்தை ஊகிப்பது இன்னொரு தவறு. புளியமரம் டாமரிண்டஸ் இண்டிகா என்றாலும் அதன் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா.

இலத்தீன் எழுத்தில் எழுதும்போது பேரினப் பெயரின் முதலெழுத்து மட்டும் பெரியது, சிற்றினப் பெயர் முழுவதும் சிறிய எழுத்து, இரண்டும் சாய்வெழுத்தில். விலங்குகளின் பெயருக்குப் பின், முதலில் பெயரிட்டவரின் பெயரும் ஆண்டும் வரும்; அவற்றைச் சுற்றிய அடைப்புக்குறியை விருப்பம்போல் நீக்கவோ சேர்க்கவோ கூடாது. 1758-இல் சுவீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் புலியை ஃபெலிஸ் பேரினத்தில் வைத்தார்; பின்னர் அது பாந்தெராவுக்கு மாற்றப்பட்டது. அதனால் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். மயில் அவர் வைத்த பேவோ பேரினத்திலேயே நீடிப்பதால் அடைப்புக்குறி கிடையாது.

முதல்முறை முழுப்பெயரை எழுதிவிட்டு, அடுத்த முறையிலிருந்து பேரினத்தை முதலெழுத்தாகச் சுருக்கலாம். ஆனால் கீழாநெல்லியும் மிளகும் ஒரே கட்டுரையில் வந்தால், ஃபைலாந்தஸ், பைப்பர் இரண்டுக்கும் இலத்தீனில் முதலெழுத்து ஒன்றே என்பதால் அங்கே முழுப்பெயரையே எழுதுங்கள்.