மொராக்கோ புதினா டீ: எங்கே சொதப்புகிறோம்?

கிரீன் டீ பையை வெந்நீரில் முக்கி, மேலே நாலு புதினா இலையைப் போட்டால் மொராக்கோ டீ ஆகிவிடாது. அங்கே வீட்டுக்கு வீடு போடுவது 'கன்பவுடர்' எனப்படும் சீனப் பச்சைத் தேயிலை. இலைகளைச் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுருட்டியிருப்பார்கள். 1850களில் கிரிமியப் போரால் சந்தை இழந்த பிரிட்டிஷ் வணிகர்கள் சரக்கை டாஞ்சியர் துறைமுகத்துக்குத் திருப்பிவிட்ட பிறகுதான் இது அங்கே பரவலானது.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது தேயிலையைக் கழுவும்போதுதான். அரை லிட்டர் டீபாட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி தேயிலை போதும். கொஞ்சம் கொதிநீர் ஊற்றி, ஆட்டாமல் ஒரு நிமிடம் விட்டு, அந்த நீரை ஒரு கிளாஸில் வடித்துத் தனியே வையுங்கள். மணமெல்லாம் அதில்தான் இருக்கிறது, கொட்டிவிடாதீர்கள். மறுபடி கொதிநீர் ஊற்றி, இப்போது நன்றாகச் சுழற்றி வடித்தால் கலங்கலாக வரும். கொட்ட வேண்டியது இதைத்தான். தூசியும் கசப்பும் இதோடு போய்விடும். பலர் முதல் நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது தடவை கழுவுவதே இல்லை. அப்புறம் டீ கசக்கிறது என்று புலம்புவார்கள். எடுத்து வைத்த நீரைத் திரும்ப ஊற்றி, வெந்நீர் நிரப்பி, சிறு தீயில் ஒரு கொதி வரவிடுங்கள்.

புதினாவைச் சேர்த்துக் கொதிக்க விடாதீர்கள். அடுப்பை அணைத்ததும் ஒரு கைப்பிடியைக் காம்போடு போட்டு, முழுக்க நீருக்குள் அமுக்குங்கள். பெப்பர்மின்ட் வேண்டாம், அதன் குளிர்ச்சி தேயிலையை அமுக்கிவிடும். சந்தையில் கிடைக்கும் சாதாரணப் புதினாவே சரி. குளிர்காலத்தில் அங்கே 'ஷீபா' என்ற கசப்பு மூலிகையையும் சேர்ப்பார்கள். ஒரு சிறு கொத்துக்கு மேல் போனால் வாயில் வைக்க முடியாது.

சர்க்கரை இல்லாமல் கேட்பவர்கள் உண்டு. குறைக்கலாம், அறவே விட்டால் துவர்ப்பு மட்டும்தான் மிஞ்சும். கரண்டியால் கலக்க வேண்டாம். ஒரு கிளாஸில் ஊற்றி டீபாட்டிலேயே திரும்ப ஊற்றுங்கள், இரண்டு மூன்று முறை.

பரிமாறும்போது உயரத்திலிருந்து ஊற்றுவது ஆற்றுவதற்காக மட்டுமல்ல, மேலே நுரை கட்ட வேண்டும் என்பதற்காகவும்தான். கைப்பிடியில்லாத கண்ணாடி கிளாஸ் என்பதால் விளிம்பு வரை நிரப்பினால் பிடிக்க இடமிருக்காது. கால்வாசியாவது காலியாக விடுங்கள். அடுத்த சுற்றுக்குத் தாமதமானால் புதினாவை வெளியே எடுத்துவிடுவது நல்லது; ஊறிக்கொண்டே இருந்தால் இலை பழுத்து டீயையும் கெடுத்துவிடும்.