கறியை முடிவுசெய்ய முன் ஃபிளையரைப் பாருங்கள்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் காலையில் சந்தைக்குப் போய், அன்று வந்த மீனையும் மரக்கறியையும் பார்த்து, அன்றைய சமையலை முடிவுசெய்து பழகியவர்கள் நாங்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அதே பழக்கத்தோடு இருந்தால் காசு கரைந்துவிடும். கடை பஸ் தூரத்தில் இருக்கிறது, வேலை ஷிப்டில் நடக்கிறது, வெளியில் பனி. போதாக்குறைக்கு, கிழமைக்கு நாலு தரம் கடைக்குப் போகிறவர் நாலு தரமும் நினைத்துப் போகாத இரண்டு சாமானையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருவார். கிழமைக்கு ஒரு தரம் போவதென்று பழகிக்கொண்டால், பாதிச் சேமிப்பு அதிலேயே வந்துவிடும்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பேஸ்மென்டில் இருந்தோம். உறவினர் ஒருவர் காரில் கூட்டிக்கொண்டு போனார். ‘பெரிசாய் வாங்கினால் மலிவு’ என்றார். பெரிய உருளைக்கிழங்கு மூட்டை ஒன்று, பெரிய வெங்காய மூட்டை ஒன்று, கொத்தமல்லி மூன்று கட்டு. இரண்டு மூட்டையையும் ஒன்றாக ஹீற்றர் அறைக்குள் வைத்தேன். இரண்டு கிழமையில் உருளைக்கிழங்கு முளைவிட்டு, வெங்காயம் இளகிப் போனது. கிழங்கையும் வெங்காயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது, சூட்டிலும் வைக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. மலிவாய் வாங்கிக் குப்பையில் போட்டால் அது மலிவு இல்லைத்தானே.

மேல் வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, நீங்கள் என்ன கறி எண்டு யோசிச்சுப்போட்டோ கடைக்குப் போறனீங்கள்?” ஓம் என்றேன். “அதை மாத்துங்கோ. முதல்ல ஃபிளையர், பிறகு கறி.”

விஷயம் அவ்வளவுதான். ஃபிளையர் என்பது அந்தக் கிழமை எது மலிவு என்று கடைகள் போடும் விளம்பரத் தாள். ஒன்ராறியோவில் பெரிய கடைகளின் ஃபிளையர்கள் வியாழக்கிழமை தொடங்கி அடுத்த புதன் வரை செல்லும். ஃபிளிப் என்ற ஆப்பில் உங்கள் தபால் குறியீட்டைப் போட்டால் சுற்றியிருக்கும் எல்லாக் கடைகளின் ஃபிளையரும் வரும். வியாழன் இரவு ஒரு தேத்தண்ணியோடு பத்து நிமிடம் பாருங்கள். இறைச்சியிலோ மீனிலோ ஒன்று, மரக்கறியில் இரண்டு மூன்று, இந்தக் கிழமை எது மலிவு என்று மட்டும் குறியுங்கள். வேறொரு கடையின் ஃபிளையர் விலையைக் காட்டினால் அதே விலைக்குத் தரும் வழக்கம் நோ ஃபிரில்ஸ், ஃபிரெஷ்கோ போன்ற கடைகளில் உண்டு. அதே பிராண்ட், அதே அளவாக இருக்க வேண்டும். நாலு கடைக்கு அலையாமல் ஒரே கடையில் முடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பெரிய எழுத்தில் இருக்கும் விலை இறாத்தலுக்கு, அதாவது 454 கிராமுக்கு. கிலோ விலை கீழே சின்னதாக இருக்கும். 1.99 டொலர் கோழி என்று சந்தோஷப்பட்டால் கிலோ 4.39. பில்லைப் பார்த்துக் காசாளரோடு சண்டைக்குப் போன ஆட்களை எனக்குத் தெரியும்.

இனித் திட்டம். ஏழு நாளுக்கும் மூன்று வேளை என்று அட்டவணை கீறாதீர்கள், மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள். எங்கள் சமையலில் பாதித் திட்டம் ஏற்கனவே இருக்கிறது. பல வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி. பருப்பு எப்படியும் உண்டு. மிச்சம் ஐந்து நாளுக்குத்தான் யோசனை. உதாரணமாக, ஃபிளையரில் கோழிக்கால், கோவா, கரட் மலிவு என்று வையுங்கள். சனிக்கிழமை கோழி முழுவதையும் வெட்டிக் கழுவி, பாதியைக் குழம்பாக வையுங்கள், பாதியைப் பச்சையாகச் சின்னப் பைகளில் போட்டுப் பிரீசரில் வையுங்கள். ஞாயிறு புட்டோடும் திங்கள் சோற்றோடும் அந்தக் குழம்பு போகும். செவ்வாய் கோவா வறை, பருப்பு, சொதி. புதன் ரின்மீனோ முட்டையோ. வியாழன் பிரீசர்க் கோழியில் பொரியல், கரட் சம்பல். ஒரு கோவா இரண்டு நாள் வரும், மிச்சத்தை நூடில்ஸுக்குள் போட்டால் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார்கள்.

எது பிரீசருக்குள் போகும், எது போகாது என்பதைப் பட்டுத்தான் படித்தேன். அவித்த பருப்பு, கடலை, வதக்கிய வெங்காயத் தக்காளிக் கூட்டு எல்லாம் நன்றாக இருக்கும். உருளைக்கிழங்கு போட்ட கறி எடுத்துச் சூடாக்கினால் மணல் மாதிரி ஆகிவிடும். தேங்காய்ப்பால் விட்ட சொதி திரைந்துவிடும். ஆகவே குழம்பைப் பால் விடாமல் வைத்து, எடுத்த அன்று விடுங்கள். சமைத்த கறி பிரிட்ஜில் மூன்று நாலு நாள்தான். சோற்றை இரவு முழுக்க வெளியில் விட வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பழஞ்சோறு ஆசை உள்ளவர்களுக்குக் கவலைதான்.

தமிழ்க் கடையை விடச் சொல்லவில்லை. அரிசி, மைசூர்ப் பருப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், பிரீசர்த் தேங்காய்ப்பூ எல்லாவற்றுக்கும் தமிழ்க் கடைதான் சரி. மாதத்துக்கு ஒரு தரம் போய் மொத்தமாக வாங்குங்கள், இவை கெடாது. ஆனால் பால், முட்டை, வெங்காயம், கரட், கோழி போன்றவற்றைப் பெரிய கடை ஃபிளையரில் பார்த்து வாங்குவதே நல்லது. ஒன்ராறியோவில் பால் பையில் வரும். மூன்று சின்னப் பைகள் சேர்ந்து 4 லீற்றர். சின்னக் குடும்பமென்றால் ஒன்றைப் பிரீசரில் வைக்கலாம். முருங்கைக்காய், வாழைப்பூ, பச்சை மீன் ஆகியவற்றை மாதத்தில் ஒரு நாள் ஆசைக்கு வாங்குங்கள். விலையை ரூபாய்க்கு மாற்றிப் பார்க்காதீர்கள், வாங்கவும் மனம் வராது, சமைத்தாலும் இறங்காது. கனடாப் பூசணி வகைகளில் பட்டர்நட் நம்முடைய பூசணிக்காய்க் கறிக்கு அச்சாவாகப் பொருந்தும். ஹலோவீனுக்கு விற்கும் பெரிய செம்மஞ்சள் பூசணி வெறும் தண்ணீர், அதை விடுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கு: பிரெஸ்டோ என்ற பயண அட்டையைத் தட்டியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ரீ.ரீ.சி.யில், அதாவது நகரப் பஸ்ஸிலும் ரயிலிலும், அதே கட்டணம்தான். பட்டியல் கையில் இருந்தால் போய், வாங்கி, அதே கட்டணத்தில் திரும்பலாம். பட்டியல் இல்லாமல் போனால் முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடப் பெட்டியையும் அதே பட்டியலில் சேருங்கள், அங்கேயும் காசு நிறையப் போகும். பல பள்ளிக்கூடங்களில் கச்சான், கஜு கொண்டுவர வேண்டாம் என்பார்கள். சூடாக்கித் தரவும் மாட்டார்கள். நல்ல தெர்மோஸ் ஒன்று வாங்கிவிட்டால் சோறும் கறியும் மத்தியானம் வரை சூடாக இருக்கும். பிள்ளை ‘மற்றப் பிள்ளைகள் மணம் என்கிறார்கள்’ என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள், பாஸ்தாவும் மலிவுதான்.

பொதியில் போட்டிருக்கும் ‘பெஸ்ட் பிஃபோர்’ திகதி தரத்தைச் சொல்வது, அது கடந்த உடனே பொருள் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. தயிரையும் முட்டையையும் கண்ணை மூடிக்கொண்டு எறியாதீர்கள். குழந்தைப் பால்மாவில் இருக்கும் காலாவதித் திகதி வேறு, அதை மீறக் கூடாது. வரியில் ஒரு வேடிக்கை: அரிசி, பால், மரக்கறிக்கு வரி இல்லை, சிப்ஸுக்கும் சோடாவுக்கும் 13% உண்டு. மஃபின் ஐந்து வாங்கினால் வரி, ஆறு வாங்கினால் இல்லை.

இடியப்பம் வெளியில் வாங்குவதைத் தப்பாக நினைக்காதீர்கள். எண்ணி விற்கிறார்கள், ஷிப்ட் முடிந்து வந்து பிழிவதை விட நல்லது. சொதியையும் சம்பலையும் மட்டும் வீட்டில் செய்யுங்கள். காசு போவது கொத்துரொட்டியில், அதுவும் களைத்துப் போய்ச் சமைக்க முடியாத இரவில். அந்த இரவுக்கென்றே பிரீசரில் ஒரு கறிப்பை எப்போதும் இருக்க வேண்டும். அது மற்ற நாளில் தொடக் கூடாத சொத்து.

வேலை கிடைக்காத மாதம் வரும். அப்போது 211 என்ற உதவித் தொலைபேசி எண்ணை அழையுங்கள், இலவசமாகச் சாப்பாட்டுச் சாமான் தரும் பக்கத்து உணவு வங்கி எங்கே என்று சொல்வார்கள். நானும் ஒரு தை மாதம் போய் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் எங்கள் ஊர்க்காரர். இரண்டு பேரும் வானிலை பற்றிப் பேசினோம்.

இப்போது எங்கள் வீட்டில் புதன் இரவு பிரிட்ஜ் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். இரண்டு முட்டை, ஒரு தக்காளி, அரைக் கோவா. மனைவி ரின்மீன் ரின்னைத் திறக்கிறா. நான் போனில் ஃபிளிப்பைத் திறக்கிறேன், வியாழக்கிழமை ஃபிளையர் வந்துவிட்டதா என்று.