பழைய ஆம்னியில் 'டக் டக்' சத்தம்: பால் ஜாயின்டா, பேரிங்கா?

எங்கள் வீட்டு மாருதி ஆம்னி வேன் 2006 மாடல். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் மூட்டைகளோடு வேலூர் மார்க்கெட்டுக்கு ஓடுகிற வண்டி. போன தை மாதம் அணைக்கட்டு சாலைக் குழிகளில் இறங்கும்போதெல்லாம் முன்னால் இடது பக்கம் 'டக் டக்' என்றது. நேர் சாலையில் ஸ்டியரிங் அலைந்தது. ஒரு பட்டறையில் பால் ஜாயின்ட், அதாவது நக்கிளைக் கீழ்க் கையோடு இணைக்கும் உருண்டை மூட்டை மாற்றினார்கள். காசு போனது, சத்தம் போகவில்லை. அப்புறம் நானே பார்த்துக் கண்டுபிடித்த முறை இது.

முதலில் நான்கு டயரிலும் காற்று. பிறகு முன் டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டுங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரியில்லை. மேடும் பள்ளமுமாக இருந்தால் சாக் அப்சார்பர் அல்லது பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது) பக்கம் சந்தேகப்படலாம்.

அடுத்து டை ராட் எண்ட், அதாவது ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு. இதற்கு வண்டி தரையிலேயே நிற்கட்டும். ஆம்னியில் பவர் ஸ்டியரிங் கிடையாது, இன்ஜின் ஓட வேண்டாம். லாக் விடுபடச் சாவியைத் திருப்பினால் போதும். ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு விரல் அளவு இப்படியும் அப்படியும் அசைக்க, நீங்கள் அந்த ஜாயின்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேய்ந்திருந்தால் கைக்குள் 'டிக்' என்று தட்டும்.

இனி வண்டியைத் தூக்க வேண்டும். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். நான் 2 டன் பாட்டில் ஜாக்கியில் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே கையை உள்ளே விடுவேன். இதில் சமரசம் வேண்டாம்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். எங்கள் வண்டியில் நன்றாகவே ஆடியது. அதைப் பார்த்துத்தான் பட்டறையில் பால் ஜாயின்ட் என்று முடிவு கட்டினார்கள். ஆனால் சக்கரத்தைச் சுழலவிட்டுத் தாங்கும் பேரிங் போனாலும் சக்கரம் இதே மாதிரிதான் ஆடும். பிரித்துக் காட்டுவது பிரேக். நைனாவை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன். ஆட்டம் அப்படியே நின்றுவிட்டது. காலை எடுத்தார், திரும்ப வந்தது. பிரேக் பிடித்ததும் சக்கரமும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒரே துண்டாக இறுகிவிடும். நடுவில் இருக்கும் பேரிங்கின் ஆட்டம் அதில் மறைந்துபோகும். பிரேக் மிதித்தும் ஆட்டம் போகாவிட்டால் கீழே பால் ஜாயின்டைப் பாருங்கள்.

உறுதி செய்ய இன்னொன்று. ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கை விரல்களைச் சுருள் ஸ்பிரிங் மேல் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. எங்களுடையதில் மணல் அரைபடுவது போல நறநறவென்று ஏறியது. பேரிங் மாற்றியதும் சத்தமும் அலைச்சலும் சேர்ந்தே போயின.

சாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவும், புஷ்களில் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகள்) வெடிப்பும் கண்ணிலேயே தெரியும். செல்போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள், தலையில் மாட்டும் விளக்கு வாங்குங்கள். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

பின்னர் சேர்த்தது: குடியாத்தத்திலிருந்து ஒருவர், சுமை ஏற்றினால் மட்டும் பின்னால் சத்தம் வருவதாக எழுதியிருந்தார். ஆம்னிக்குப் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், அதாவது வளைந்த இரும்புப் பட்டை. பட்டையின் முனையில் இருக்கும் ஷேக்கிள் (பட்டையை வண்டியோடு இணைக்கும் தொங்கல்) புஷ்ஷையும், பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் இறுக்கத்தையும் பாருங்கள். பட்டையில் விரிசல் இருந்தால் சுமை ஏற்றவே கூடாது.

இன்னொருவருக்கு எல்லாம் மாற்றியும், பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயில் 70 தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறதாம். குழியில் சத்தம் இல்லை, குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் என்றால் வீல் பேலன்சிங்கை முதலில் செய்யுங்கள். டை ராட் மாற்றியிருந்தால் அலைன்மென்டும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் புது டயரும் ஓரத்தில் தேய்ந்துவிடும்.