புது ஸ்போர்ட்ஸ் கார் முற்றத்தில் நிற்கிறதா? உறை போடுவது கடைசி வேலை

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் கார்களுக்கும் திரும்பத் திறந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு மஸ்டா ரோட்ஸ்டர் கிடைத்தது. வெளிநாட்டில் எம்எக்ஸ்-5 என்று சொல்கிற அதே கார்: இரண்டு இருக்கை, மடிக்கிற துணிக் கூரை. வீடு யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில். கராஜ் இல்லை, கார் முற்றத்தில்தான் நிற்கிறது.

கார் வந்த அன்றைக்கே மாமா சொன்னார்: “தம்பி, முதல்ல ஒரு நல்ல உறை வாங்கி மூடு.” மூடினேன். அது தென்மேற்குக் காற்றான சோளகம் வீசுகிற காலம். பத்து நாள் கழித்து உறையை எடுத்தேன். சாய்ந்த வெயிலில் பார்த்தபோது, பின்பக்க மூலையில் உள்ளங்கை அளவு இடம் மூச்சுக்காற்றுப் பட்ட கண்ணாடி போல மங்கிக் கிடந்தது. உறைக்குள் அகப்பட்ட தூசியைப் பத்து நாளும் காற்று பெயின்றில் தேய்த்திருக்கிறது. மாமா சொன்னது பிழையில்லை, வரிசைதான் பிழை. உறைக்கு முன் நான்கு வேலை இருக்கிறது.

படி 1: நிறுத்தும் இடம்

நிழல் என்றதும் மரத்தடிதான் நினைவுக்கு வரும். பனையும் தென்னையும் வேண்டவே வேண்டாம். தேங்காய்க்கும் பனம்பழத்துக்கும் எல்லோரும் பயப்படுவார்கள், காய்ந்த பனையோலையான காவோலையை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. அதன் மட்டையின் இரண்டு கரையிலும் இருக்கிற கருக்கு வாள் பல்லுப் போன்றது. காற்றுக்கு ஒன்று கழன்று பொனற்றில் இழுபட்டால் பெயின்ற் தகரம் வரை கிழியும். மாமரத்தின் கீழ் பூச்சிகள் விடுகிற பிசின் ஒட்டும். வேம்பு நல்ல நிழல்தான், ஆனால் இலையும் பூவும் கொட்டும், காகங்களுக்கும் அதுதான் வீடு.

நான் கடைசியில் வீட்டின் கிழக்குச் சுவரோரத்தைத் தேர்ந்தெடுத்தேன். மத்தியானத்துக்குப் பிறகு வீட்டு நிழலே விழுகிறது, தென்மேற்கிலிருந்து வருகிற சோளகத்துக்கும் வீடு மறைப்பு. வெறும் மண்ணிலோ புல்லிலோ நிறுத்தாதீர்கள். ஈரம் ஏறி அடிப்பாகம் கறள் பிடிக்கும். சீமெந்துத் தரை நல்லது, இல்லாவிட்டால் சல்லி பரப்புங்கள்.

படி 2: கழுவுதல்

சோளக நாளில் காலையில் முன்கண்ணாடியை விரலால் தொட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத் தூள் ஒட்டும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். எங்கள் ஊர்ப்பக்கத்து உவர் நிலமான கல்லுண்டாய் வெளி காய்ந்து கிடக்கிற காலம் அது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் மழை இல்லாத மாதங்களிலும் கறள் வருகிறது. இந்தத் தூசியைக் காய்ந்த துணியால் ஒருநாளும் துடைக்கக் கூடாது. அது மணல்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

அடுத்த சிக்கல் தண்ணீர். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் கடினம். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளை, வெயிலில் கழுவிய காரிலும் புள்ளி புள்ளியாகப் படியும். அதனால் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு, பொனற்றைத் தொட்டால் சுடாத நேரத்தில் தொடங்குங்கள்.

முதலில் ஹோஸால் தண்ணீர் மட்டும் அடித்துத் தூசியை ஓட விடுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்பூவில் தோய்த்து மேலிருந்து கீழாகத் தேய்த்து, வெறும் தண்ணீரில் ஊத்தையை அலசிவிட்டுத்தான் திரும்ப ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத் தூள் வேண்டாம், மெழுகை உரித்துவிடும். சில்லுகளுக்குத் தனித் துணி, அது கடைசி. முடிவில் ஐந்து லீற்றர் மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ மேலால் ஊற்றி, மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுங்கள். வெள்ளைப் புள்ளி ஏற்கெனவே வந்துவிட்டதா? வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள்.

பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கமோ, பொன்னாலைப் பாலத்தால் கசூரினா கடற்கரைக்கோ போய் வந்தால் அன்றைக்கே சில்லுக் குழிகளுக்கும் அடிப்பாகத்துக்கும் தண்ணீர் அடியுங்கள். காக எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊற விட்டால் தானாகக் கழன்று வரும்.

படி 3: மெழுகு

புதுக் கார் என்றாலும் உடனே போடலாம், பெயின்ற் ஆலையிலேயே சூட்டில் இறுகியிருக்கும். எங்கள் வெயிலுக்கு, மெழுகு மாதிரியே பூசுகிற செயற்கை சீலன்ற் மெழுகைவிடக் கூடுதல் நாள் நிற்கும். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் தட்டையாகப் பரவினால் திரும்பப் போட வேண்டும். செராமிக் கோட்டிங் நல்லதுதான், ஆனால் அது கருக்குமட்டையைத் தடுக்காது. துணிக் கூரையில் மெழுகு படவே கூடாது. அதற்குத் துணிக்கென்றே விற்கிற நீர்த்தடுப்புத் திரவம் இருக்கிறது.

படி 4: கூரையின் வடிகால்

துணிக் கூரைக் கார் வைத்திருப்பவர்கள் இதை ஐப்பசி மழைக்கு முன் கட்டாயம் செய்ய வேண்டும். கூரையில் விழுகிற தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துளைகளால் கீழே இறங்குகிறது. அந்தத் துளையை அடைக்க நாலைந்து வேப்பிலை போதும். பிறகு தண்ணீர் உள்ளே திரும்பி, கம்பளத்தின் கீழ் தேங்கி, வெளியில் தெரியாமலே கறளாகும். காருக்குள் ஈரச்சாக்கு மணம் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

கூரையைப் பாதி மடித்து, இலைகளைக் கையால் பொறுக்குங்கள். ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, காரின் கீழே சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டாவிட்டால் வளைகிற தடித்த நைலோன் நூலை மெல்ல விட்டு எடுங்கள். கம்பி விடாதீர்கள், குழாய் கிழியும்.

படி 5: உறை

சரி, இப்போது உறை. படங்கு வேண்டாம், பிளாஸ்டிக்கும் வேண்டாம், இரண்டும் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். காற்றுப் புகுந்து போகிற பல அடுக்குத் துணி, உட்பக்கம் மென்மையானது, உங்கள் காரின் அளவுக்குத் தைத்தது வேண்டும். தொளதொளத்த உறை சோளகத்தில் பாய்மரம் மாதிரி அடிக்கும். அடிவயிற்றால் பட்டியைக் கொடுத்து இறுக்கிக் கட்டுங்கள். எஞ்சின் ஆறின பிறகே மூடுங்கள். காரில் தூசி இருந்து கழுவ நேரமில்லையென்றால் அன்றைக்கு மூடாமலே விடுங்கள். மழை விட்டு வெயில் வந்ததும் கழற்றி இரண்டையும் உலர விடுங்கள்.

கழற்றும்போது இரண்டு பக்க விளிம்பையும் கூரை நடுவுக்கு மடித்து, பின்னாலிருந்து முன்னுக்குச் சுருட்டுங்கள். நிலத்தில் போட்டால் உட்பக்கத்தில் மணல் ஏறிவிடும். முன்பக்க விளிம்பில் சிவப்பு நூலால் ஒரு அடையாளம் தைத்து வைத்திருக்கிறேன். போனமுறை சில்லோரம் உரசிய ஊத்தைப் பகுதி இந்தமுறை பொனற்றில் வரக் கூடாது.

மூடிய கார் எலிக்கு இருட்டான, சூடான அறை. பக்கத்தில் நெல்மூட்டையோ கோழித்தீனியோ இருக்க வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை பொனற்றைத் திறந்து, கடித்த வயர் ஏதும் இருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள்.