பழைய லாரியின் துருவைக் குறைந்த செலவில் சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து, அதற்கு மேலும் ஓட்டப்படும் லாரிகளில் கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, முன்கண்ணாடி ரப்பரின் ஓரம் ஆகிய இடங்கள்தாம் பெரும்பாலும் முதலில் துருப்பிடிக்கின்றன. காற்றின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் இங்கே, ஒருமுறை தொடங்கிய துரு தானாக நிற்பதில்லை.

கண்ணுக்குத் தெரியும் கொப்புளத்தை மட்டும் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பதே முதல் தவறு. கதவின் அடியில் பெயிண்ட் உப்பியிருந்தால், துரு பெரும்பாலும் உட்புறத்திலிருந்தே தகட்டைத் தின்றுகொண்டு வந்திருக்கும். கதவின் கீழ்விளிம்பில் மழைநீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் உண்டு. கட்டுமானத் தளத்துச் சேறு அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி நிற்கும். ஒரு கம்பியால் அத்துளைகளைக் குத்தித் திறப்பதற்குச் செலவே இல்லை. ஆனால் அதைச் செய்யாமல் விட்டால் மேலே செய்யும் எந்த வேலையும் நிலைக்காது.

ஓட்டையைப் பட்டி (மேடுபள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து மூடுவது இதைவிடப் பெரிய தவறு. பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது; பின்புறம் திறந்திருக்கும் ஓட்டையில் அதை அடைத்தால், ஈரம் பின்பக்கமாக ஏறி, சுற்றியுள்ள நல்ல தகட்டையும் அரித்துவிடும். திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பார்த்து, கெட்டியான இரும்பு வரும்வரை வெட்டியெடுத்துவிட்டு, புதிய தகட்டை வெல்டிங் செய்த பிறகு, மேடுபள்ளத்தைச் சமன்செய்ய மட்டுமே பட்டியைப் பயன்படுத்த வேண்டும். அலுமினிய ரிவெட் அடித்துத் தகட்டைப் பொருத்துவது மலிவுதான். ஆயினும் இருவேறு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அரிப்பு விரைவுபடும் என்பதால், அதை நான் பரிந்துரைப்பதில்லை.

துருமாற்றித் திரவத்தின்மீது பலர் அளவுகடந்த நம்பிக்கை வைக்கிறார்கள். அதிலுள்ள பாஸ்பாரிக் அல்லது டானிக் அமிலம், இறுகப் பிடித்திருக்கும் மெல்லிய துருவோடுதான் வினைபுரியும். செதில் செதிலாக உதிரும் தடித்த துருவுக்குள் அது இறங்காது. கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் கொண்டு சுரண்டும் அலுப்பான வேலைக்கு மாற்றே கிடையாது.

சுரண்டிய தகட்டை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது, ஏனெனில் வெறும் இரும்பு நம் ஊர்க் காற்றில் ஓரிரவுக்குள்ளேயே மீண்டும் துருவேறத் தொடங்கிவிடும். சாதாரண பிரைமர் (பெயிண்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பலவும் ஈரத்தை உள்ளே விடும் என்பதால், அன்றே எபாக்சி பிரைமர் பூசுங்கள். பணம் குறைவாக இருந்தால் மேற்பூச்சில் மிச்சம் பிடிக்கலாம், பிரைமரில் கூடாது.

இப்படிக் குறைந்த செலவில் நாமே சரிசெய்வதற்கு, லாரியின் அடிச்சட்டமான சேஸிஸ் மட்டும் விதிவிலக்கு. அங்கே துரு ஆழமாக இறங்கியிருந்தால், கறுப்புத் தார்ப்பூச்சால் மறைக்காமல், தேர்ந்த பட்டறையிடம் காட்டுங்கள். பூச்சின் அடியில் விரிசல் வளர்வது யார் கண்ணிலும் படாது. பின்னால் ஏற்றியிருக்கும் சுமையோ டன் கணக்கில் இருக்கும்.

வேலை முடிந்ததும் கதவின் உட்புறத்தில் மெழுகுப் பூச்சைத் தெளித்துவிட்டு, அடுத்த பெருமழைக்குப் பின் வடிதுளைகள் வழியே நீர் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.