சாக்கடை கலந்த சம்ப்பைச் சுத்தம் செய்து குளோரின் போடும் முறை

சம்ப் என்னும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில் சாக்கடை கலக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி தெருக்குழாய். சென்னையில் பல தெருக்களில் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வராது. வரும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், வெளியே உள்ளது உள்ளே நுழையாது. சப்ளை நின்ற பிறகும் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சினால் நிலைமை தலைகீழ்: காலியான குழாய், விரிசல் உள்ள இடத்தில் சுற்றியிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய் போனால் வருவது என்னவென்று சொல்ல வேண்டாம். இரண்டாவது வழி சம்ப்பின் சுவரே. வாசலில் கழிவுநீர் சேம்பரும் சம்ப்பும் நாலடி இடைவெளியில் இருக்கும் வீடுகள் ஏராளம். சேம்பர் அடைத்துக்கொண்டு நிரம்பி நின்றால், சம்ப் சுவரில் பூச்சு விட்ட இடம் வழியாகக் கசியும்.

எந்த வழி என்று தெரியாமல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவது வீண். கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போதும். சம்ப்புக்கு வரும் வால்வை மூடுங்கள், மோட்டார் போடாதீர்கள், தண்ணீர் மட்டத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். காலையில் மட்டம் ஏறியிருந்தால் வெளியிலிருந்து கசிவு. இறங்கியிருந்தால் உள்ளிருந்து ஒழுகுகிறது. ஒழுகும் ஓட்டை, வெளியே நீர்மட்டம் ஏறும் மழைக்காலத்தில் உள்ளேயும் விடும். மட்டம் அசையவில்லையென்றால் குழாயைப் பாருங்கள்: தண்ணீர் விடத் தொடங்கியதும் முதலில் வருவதை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்து முகர்ந்து பாருங்கள். நாற்றமோ கறுப்போ இருந்தால் குற்றவாளி தெருவில் இருக்கிறது. அது சரியாகும்வரை அந்த இணைப்பை மூடிவிட்டு லாரித் தண்ணீரில்தான் ஓட்ட வேண்டும்.

உள்ளே இறங்குவதற்கு முன்

சம்ப்பில் மலக்கழிவு தெளிவாகக் கலந்திருந்தால் ஆளை இறக்கவே கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சம்ப் என்று பெயர் மாற்றிச் சொன்னால் உள்ளே இருக்கும் வாயு மாறிவிடாது. கழிவுநீர் உறிஞ்சும் வண்டியை வரவழைத்து முழுக்க எடுத்து, மேலிருந்தே அழுத்த நீர் பாய்ச்சிக் கழுவி, மறுபடி உறிஞ்சுங்கள்.

வெறும் சேறும் வண்டலும் படிந்த சம்ப் என்றாலும் மூடி திறந்த கையோடு இறங்கக் கூடாது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த இடத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். முந்தின நாளே எல்லா மூடிகளையும் திறந்து, சுற்றித் தடுப்பு வைத்துவிட்டு, வேலை முடியும்வரை மின்விசிறியால் உள்ளே காற்று அடியுங்கள். மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்: ஆக்சிஜன் மிகவும் குறைந்தால்தான் அது அணையும், நச்சு வாயுவைக் காட்டாது, எரியும் வாயு இருந்தால் பற்றவும் செய்யும். இறங்குபவர் உடம்பில் பெல்ட்டும் கயிறும் வேண்டும். மேலே கயிற்றைப் பிடித்த ஆள் இடத்தை விட்டு நகரக் கூடாது. உள்ளே இருப்பவர் மயங்கினால் கயிற்றால் இழுங்கள். காப்பாற்றக் குதிக்கிற இரண்டாவது ஆளும் சேர்ந்து சாவதுதான் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. டீசல் பம்ப்பை சம்ப் வாயருகே ஓட்டாதீர்கள், அதன் புகை உள்ளேதான் இறங்கும். நீர்மூழ்கி மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும்.

உள்ளே செய்வது தேய்ப்பு வேலை மட்டும். நைலான் பிரஷ், வெறும் தண்ணீர். சோப்பு வேண்டாம், நுரையைக் கழுவி எடுப்பதற்குள் ஒரு லாரித் தண்ணீர் போய்விடும். பிளாஸ்டிக் டேங்கில் கம்பி பிரஷ் போட்டால் விழும் கீறலில் பாசி நிரந்தரமாகக் குடியேறும். பிளீச்சிங் பவுடரை உள்ளே எடுத்துக்கொண்டு போகவே கூடாது. அதோடு கழிவறை ஆசிட்டையும் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குழிக்குள் அதிலிருந்து தப்ப வழியில்லை. அள்ளிய சேற்றை மழைநீர் வடிகாலில் தள்ளாதீர்கள். கசிவு இருந்த சுவரை இப்போதே பூசி, பூச்சு இறுகவிட்டு, பிறகு அடுத்த வேலைக்குப் போங்கள்.

குளோரின் கணக்கு

புதிய பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் அளவுக்குக் குளோரின் இருக்கும். கடையில் கிடந்து, வீட்டில் கிடந்து, கைக்கு வரும்போது 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கணக்கில் 1000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம். கட்டி தட்டி, காரமான வாடை இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்பு, வாங்காதீர்கள். தேதி பார்த்து வாங்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், நிழலில், ஆசிட்டும் பெட்ரோலும் இல்லாத இடத்தில் வையுங்கள்.

சம்ப்பின் கொள்ளளவு: நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, வந்ததை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர். 8 அடிக்கு 6 அடி சம்ப்பில் ஒன்றரை அடி தண்ணீர் என்றால் 72 கன அடி, சுமார் 2,040 லிட்டர்.

கழுவிய சம்ப்புக்கு 50 பிபிஎம் வேண்டும். முழுக்க நிரப்பிப் போட்டால் அத்தனை தண்ணீரும் வீண். ஃபுட் வால்வு (மோட்டாரின் உறிஞ்சு குழாய் அடியில் இருக்கும் வால்வு) மூழ்கும் அளவுக்கு, ஒன்றரை அடி மட்டும் நிரப்புங்கள். மேலே உள்ள கணக்குப்படி 408 கிராம், சுமார் 400 கிராம் பவுடர். பிளாஸ்டிக் பக்கெட்டில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் பக்கெட் வரை நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அதையும் சேர்த்து ஊற்றுகிறவர்கள்தான் பிறகு ஃபுட் வால்வு அடைத்துக்கொண்டது, வாளியில் வெள்ளைப் படிவு வருகிறது என்று சொல்வார்கள். இவ்வளவு பவுடருக்கு ஒரே பக்கெட் போதாது, நாலைந்து தடவையாகக் கரையுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எட்டாத மேல் சுவருக்குத் தனிக் கரைசல்: 10 லிட்டருக்கு 8 கிராம், அதாவது 200 பிபிஎம். தோட்டத்து ஸ்பிரேயரில் ஊற்றி, வெளியே நின்றபடி, தலையை உள்ளே விடாமல், சுவர் முழுக்க நனையும்படி அடியுங்கள். அரை மணி நேரம் அந்த ஈரம் காயக் கூடாது.

அதே தண்ணீரை மேலே ஏற்றினால் மாடி டேங்குக்கும் மருந்து போட்டதாகிவிடும். அதற்கு முன் மாடி டேங்கை அடியில் உள்ள வாஷ்-அவுட் வால்வைத் திறந்து கழுவியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் குழாய் டேங்கின் அடியிலிருந்து சில அங்குலம் மேலே இருக்கும், அதற்குக் கீழே உள்ள வண்டல் தானாக வெளியேறாது. சம்ப்பை மட்டும் பளிச்சென்று ஆக்கிவிட்டு மேலே பார்க்காமல் விடுவதுதான் அபார்ட்மென்ட்களில் நடக்கும் வழக்கமான தவறு.

மாடியிலிருந்து ஒவ்வொரு குழாயாகத் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். மூலையில் இருக்கும், யாரும் தொடாத குழாயையும் விடாதீர்கள். ஆர்ஓ மெஷினுக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் போகும் வால்வை முன்பே மூடிவிடுங்கள்: இவ்வளவு குளோரின் பட்டால் ஆர்ஓ சவ்வு கெட்டுவிடும், கலர் துணி வெளுத்துவிடும். 6 மணி நேரம் அப்படியே நிற்கட்டும். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைப்பது முக்கியம், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் யாராவது குடித்துவிடுவார்கள். பிறகு எல்லாவற்றையும் கழிவுநீர்க் குழாயில் மெதுவாக விடுங்கள். செடிக்கும் மழைநீர் சேகரிப்புக் குழிக்கும் போகக் கூடாது.

புதுத் தண்ணீருக்கு எவ்வளவு

1000 லிட்டருக்கு 4 கிராம் என்பது சுத்தமான தண்ணீருக்கான தொடக்கம்தான். 12,000 லிட்டர் லாரிக்கு 48 கிராம். ஆனால் தண்ணீரில் அழுக்கு இருந்தால் போட்ட குளோரினை அதுவே தின்றுவிடும். உங்கள் தண்ணீர் எவ்வளவு தின்கிறது என்று இப்படிப் பார்க்கலாம்.

4 கிராம் பவுடரை 1 லிட்டரில் கரைத்துத் தெளியவிடுங்கள். நான்கு பக்கெட்டில் 10 லிட்டர் வீதம் சம்ப் தண்ணீர் எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் தெளிநீரை முதல் பக்கெட்டுக்கு 10 மில்லி, அடுத்ததற்கு 20, பிறகு 30, 40 என்று விடுங்கள். இவை 1, 2, 3, 4 பிபிஎம். கலக்கி அரை மணி நேரம் கழித்து, ஒவ்வொன்றிலிருந்தும் குளோரின் சோதனைக் கிட்டின் குப்பியில் கொஞ்சம் எடுத்து, அதில் "ஓடி" (ஆர்த்தோடோலிடின்) சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள். கிட்டில் உள்ள அட்டையோடு ஒப்பிட்டு, 0.5 பிபிஎம் மஞ்சளை முதலில் காட்டும் பக்கெட் எதுவோ அதுதான் அளவு. மூன்றாவது பக்கெட் என்றால் 3 பிபிஎம், 1000 லிட்டருக்கு 12 கிராம். நான்கிலும் நிறமே வரவில்லை என்றால் பவுடர் செத்துவிட்டது, அல்லது சாக்கடை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் சாக்பீஸ் கோட்டுக்குத் திரும்புங்கள்.

நிறத்தை உடனே, பத்து விநாடிக்குள் படிக்க வேண்டும். மெதுவாக ஏறும் மஞ்சள், அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின். கிருமியைக் கொல்லும் வலு அதற்குக் குறைவு. சாக்கடை கலந்த தண்ணீரில் மூக்கைத் துளைக்கும் "குளோரின்" வாடை பெரும்பாலும் இந்தக் கலவைதான். வாடை பலமாக இருப்பதால் மருந்து போதும் என்று முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். இந்தச் சொட்டு மருந்து கையில் படக் கூடாது, சோதித்த நீரைக் குடிக்கவும் கூடாது.

கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, முதலில் தெளியவிட வேண்டும். போர் தண்ணீரில் பவுடர் போட்டதும் செம்பழுப்பாக மாறினால் பயப்பட வேண்டாம்: கரைந்திருந்த இரும்பு வெளியே வருகிறது, ஒரு ராத்திரி விட்டால் அடியில் படியும்.

மறுநாள் காலை கடைசிக் குழாயில் சோதியுங்கள், சம்ப்பில் அல்ல. அங்கே 0.2 பிபிஎம்மாவது இருக்க வேண்டும். சம்ப்பில் 0.5 இருந்து கடைசிக் குழாயில் எதுவும் இல்லையென்றால் மாடி டேங்கோ குழாயோ இன்னும் அழுக்காக இருக்கிறது. மலக்கிருமி உண்டா என்று பார்க்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பியை குளோரின் போட்ட அன்றே நிரப்பினால் எப்போதும் நல்ல பதில்தான் வரும். ஒரு வாரம் கழித்து, அன்றைக்கு மருந்து போடுவதற்கு முன், குளோரின் தீர்ந்த நீரை எடுங்கள். 48 மணி நேரத்துக்குள் கறுத்தால் கசிவு அடைபடவில்லை. அது அடைபடும்வரை குடிநீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

தெருக்குழாய்தான் காரணம் என்றால் 1916-இல் மெட்ரோ வாட்டருக்குப் புகார் செய்யுங்கள். "தண்ணீர் நாறுகிறது" என்று மட்டும் சொன்னால் ஆள் வந்து முகர்ந்துவிட்டுப் போவார். எத்தனை மணிக்கு சப்ளை வந்தது, முதல் எத்தனை நிமிடம் நாற்றம் இருந்தது, எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை இப்படி வருகிறது, அருகில் எந்த சேம்பர் பொங்கி நிற்கிறது என்று பக்கத்து வீடுகளையும் கேட்டு எழுதிக்கொடுத்தால் எங்கே தோண்டுவது என்று அவர்களுக்குத் தெரியும். நாற்றம் தொடங்கும் வீடும் முடியும் வீடும் தெரிந்தால், உடைப்பு பெரும்பாலும் அந்த எல்லைக்கு அருகில்தான்.