510.3-க்கு முன்னால் 510.15

எங்கள் நூலகத்தில் கணினியில் தேடிப் புத்தக எண்ணைக் குறித்துக்கொள்வது வரை யாருக்கும் சிக்கல் இல்லை. அலமாரிக்குப் போன பிறகுதான் திரும்பி வந்து, "சார், 510.15 இங்க இல்லையே" என்பார்கள். 510.3-க்கு அப்புறம் தேடியிருப்பார்கள். 3-ஐ விட 15 பெரிது என்று நினைப்பது இயல்புதானே! நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம். இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். 3-க்கு முன் 1 என்பதால் 510.15தான் முதலில்.

வாசலில் இருந்த நீளமான விதிமுறைப் பலகையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அலமாரி ஓரத்தில், கண் மட்டத்தில் ஒரு அட்டை வைக்கலாம் என்று முடிவு செய்தேன். ஒட்டுவதற்கு முன் புதிதாக வந்த ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்றேன். (அதுதான் கஷ்டமான வேலை.) வெறும் எண்களைப் பார்த்ததும் தயங்கினார். சரி என்று நான்கு புத்தக முதுகுகளை வரைந்து, அவற்றின் மேல் 510, 510.15, 510.3, 511 என்று எழுதினேன். கீழே ஒரே வரி: "புள்ளிக்குப் பின் ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள்." நேராகப் போய்ப் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

ஜெராக்ஸ் மெஷினுக்கும் இப்போது இப்படித்தான். தாளை வைக்கும் மூலையைக் காட்டி ஒரு அம்புக்குறி. பொத்தான் பெயர்கள் மெஷினில் இருக்கிறபடியே.